முதல் மஃப்ளர்: பிரிப்பதில் தொடங்கும் பாடம்

பின்னல் கற்க வருபவருக்கு வழக்கமாகச் சொல்லித்தரும் வரிசை இது: கண்ணி ஏற்றுவது, பின்னுவது, முடிப்பது. தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பது கடைசியில், அதுவும் போகிற போக்கில் வரும். இந்த அத்தியாயத்தில் அந்த வரிசை மாறுகிறது. முதலில் பின்னும் 10 செ.மீ. துணியை நீங்களே முழுவதும் பிரித்துப் போட வேண்டும். அதன்பின் அதே நூலில் மஃப்ளரைத் தொடங்க வேண்டும். வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஆசையாக ஊசி வாங்கியவர்களில் பலர் பாதியிலேயே அதை அலமாரிக்குள் வைத்துவிடுவதற்குப் பின்னத் தெரியாதது காரணமாக இருப்பதில்லை. எங்கோ ஒரு கண்ணி தவறியிருக்கும். அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழி தெரிந்திருக்காது. தொட்டால் எல்லாமே கலைந்துவிடுமோ என்ற பயத்தில் கை நின்றுபோகும். அந்தப் பயம் போனால்தான் மற்ற எதையும் கற்க முடியும்.

பயம் தேவையில்லை என்பதைத் துணியின் அமைப்பே காட்டும். வீட்டில் ஒரு பழைய வேட்டியும் பழைய பனியனும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி தறியில் நெய்தது. நீளவாட்டில் பாவு, அதைக் குறுக்கே கடந்து ஊடை. ஓரத்தில் ஒரு நூலை உருவினால் அந்த ஒரு நூல் மட்டும் வரும். திருப்பூர் பனியன் அப்படியில்லை, அது பின்னிய துணி. வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன ‘வி’ வடிவங்கள் தெரியும். உள்பக்கத்தைத் திருப்பினால் குட்டி வளைவுகள் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ‘வி’யும் ஒரு கண்ணி. கீழ்வரிசைக் கண்ணிக்குள்ளிருந்து மேல்வரிசைக் கண்ணி வெளியே வருகிறது, அவ்வளவுதான். முடிச்சு எங்குமே இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கியபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. கை செய்ததை இயந்திரம் வேகமாகச் செய்தது. இரண்டு ஊசியில் கையால் பின்னும்போது, ஓர் உருண்டை தீரும்வரை துணி முழுவதும் ஒரே நூல். முடிச்சில்லாத ஒரே நூல் என்பதால், ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், போட்ட வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அது ஒவ்வொரு கண்ணியாக வெளியே வரும். தைத்த துணியைப் பிரித்தால் ஊசித்துளை தெரியும், வெட்டிய துணியை ஒட்டவே முடியாது. கைவேலைகளில் இவ்வளவு சுத்தமாகப் பின்வாங்க இடம் தருவது மிகக் குறைவு.

இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 வரை துணிமணிக்குக் கூப்பன் முறை இருந்தது. பின்னல் கம்பளிக்கும் கூப்பன் வேண்டும். சிறிதாகிப்போன, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்களைப் பெண்கள் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருக்கம் போகத் தொங்கவிட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னினார்கள். பல ஆண்டுகள் உடம்பில் கிடந்த நூலே மறுபடி பின்னத் தாங்கியது என்றால், நேற்று மாலை நீங்கள் பின்னிய 10 செ.மீ. துணியின் நூலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பிரிக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் நூலைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும். கடையில் கண்ணைப் பறிக்கும் நூல்கள் பலவும் பிரிக்க முடியாதவை. மயிர்மயிராக நீண்டிருக்கும் நூலில் ஒரு கண்ணியின் இழை அடுத்ததோடு சிக்கிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். முண்டும் முடிச்சுமாக முறுக்கிய நூலில் கண்ணி எது, முண்டு எது என்றே தெரியாது. கறுப்பும் கருநீலமும் இரவு விளக்கில் கண்ணைக் கொல்லும். எனவே வழுவழுப்பான, நன்றாக முறுக்கிய, வெளிர்நிற நூல். கனம் நடுத்தரமாகவோ சற்றுத் தடிமனாகவோ இருக்கட்டும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். முதல் மஃப்ளருக்கு அது போதும்: விலை குறைவு, பலமுறை பிரித்தாலும் தாங்கும். உண்மையான கம்பளி வேண்டும் என்பவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும். லேபிள் இல்லாவிட்டால் சின்னத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்து எரித்துப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, தீயை விலக்கியதும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி நூலை முதல் முறை தவிர்ப்பது நல்லது. அதில் இழுவை இல்லை; கம்பளி கொஞ்சம் நீண்டு கொடுத்துத் திரும்பவும் சுருங்குவதால் கண்ணிகளின் ஏற்றத்தாழ்வு மறைகிறது, பருத்தி எல்லாவற்றையும் அப்படியே காட்டிக் கொடுக்கும், விரலும் சீக்கிரம் வலிக்கும்.

ஊசி 5 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். எண் சொல்லி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். இந்தியக் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பிரிட்டிஷ் எண்முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 6-ஆம் எண் 5 மி.மீ., 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ. அமெரிக்க முறையில் தலைகீழ். அங்கே 8-ஆம் எண்தான் 5 மி.மீ. அதனால் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் அதுவே சிறப்பு, அலுமினிய ஊசியில் கண்ணி வழுக்கி இறங்கிவிடும். கூடவே 3.25 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும் வாங்கி வையுங்கள். பின்னுவதற்காக இல்லை, பிரித்தபின் கண்ணிகளைப் பிடிக்க மெல்லிய ஊசிதான் உதவும். நான்கைந்து ஊக்கு, கண் பெரிதாக உள்ள மழுங்கிய ஊசி ஒன்று, அளவு நாடா, கத்தரி. வேறெதுவும் வேண்டாம்.

இனி அசைவு. மஃப்ளர் முழுவதற்கும் ‘நிட்’ எனப்படும் ஒரே கண்ணிதான். கண்ணி உள்ள ஊசி இடக்கையில், வெறும் ஊசி வலக்கையில், நூல் பின்புறம். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு, வலது ஊசி பின்னால் நிற்கும். நூலை வலது ஊசியின் அடிவழியாக இடப்பக்கம் கொண்டுவந்து, இரண்டு ஊசிக்கும் நடுவே மேலாக வலப்பக்கம் இறக்குங்கள். இப்போது வலது ஊசியின் மேல் ஒரு புதுச் சுற்று இருக்கும். அதை விட்டுவிடாமல் நுனியால் கண்ணிக்குள்ளிருந்து உங்கள் பக்கம் இழுத்தெடுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். ஒரு கண்ணி முடிந்தது. புதுக் கண்ணி ஊசியின் கூர்முனையில் நிற்காமல் தடித்த உடல்பகுதிக்கு இறங்க வேண்டும். அந்தத் தடிமன்தான் கண்ணியின் அளவைத் தீர்மானிக்கிறது. முனையிலேயே இறுக்கிவிட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. பழகாத கை இறுக்கத்தான் செய்யும், அது தானாகத் தளரும்.

கண்ணி ஏற்ற எத்தனையோ முறைகள் உண்டு. வால்நூலைக் கட்டைவிரலில் சுற்றி ஏற்றும் முறையைத்தான் பலரும் முதலில் சொல்லித்தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தனியொரு வித்தை, ஒரு மஃப்ளரில் ஒரே ஒருமுறை பயன்படும், அடுத்தமுறைக்குள் மறந்துபோகும். அதற்குப் பதிலாக, இடது ஊசியில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு, அதற்குள் மேலே சொன்னபடியே பின்னுங்கள். பழைய கண்ணியை மட்டும் நழுவவிடாதீர்கள். இழுத்தெடுத்த புதுச் சுற்றை இடது ஊசியிலேயே ஏற்றிவிட்டு, அதற்குள் அடுத்ததைப் பின்னுங்கள். 32 கண்ணி சேரும்போது அதே அசைவை 31 தடவை செய்து முடித்திருப்பீர்கள். ஓரம் கொஞ்சம் தளர்வாக வரும், முதல் மஃப்ளருக்கு அது குறையில்லை.

32 கண்ணியையும் பின்னி முடித்ததும் நிறைந்த ஊசியை இடக்கைக்கு மாற்றி அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். எல்லா வரிசையிலும் நிட் மட்டுமே போட்டால் துணியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல மேடும் பள்ளமுமாக வரும். இதற்குக் கார்ட்டர் பின்னல் என்று பெயர். ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை என்பதை மனத்தில் வையுங்கள். 17 மேடு அளவில், சுமார் 10 செ.மீ. வந்ததும் நிறுத்திவிடுங்கள். அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கணக்குக்குப் பிறகு உதவும். இனிப் பிரிக்கும் பாடம்.

முதலில் ஒரு கண்ணி. அரை வரிசை பின்னிவிட்டு நிறுத்துங்கள். வலது ஊசியில் கடைசியாக உள்ள கண்ணிக்கு நேர் கீழே, அது புறப்பட்டு வந்த பழைய கண்ணி தெரியும். இடது ஊசியின் நுனியை அதற்குள் முன்னாலிருந்து நுழைத்து, மேல் கண்ணியை வலது ஊசியிலிருந்து விட்டு, நூலை மெல்ல இழுங்கள். மேல் கண்ணி மறைந்து, பழையது இடது ஊசியில் பத்திரமாக உட்காரும். இப்படியே வரிசையின் தொடக்கம்வரை திரும்பிப் போங்கள். ஊசி ஒருபோதும் வெறுமையாவதில்லை என்பதால் இதில் எதுவும் கலைய வழியில்லை.

அடுத்தது துணிச்சல் வேண்டிய பாடம். ஊசியை முழுவதும் உருவிவிடுங்கள். 32 கண்ணியும் வாய் திறந்து நிற்கும், ஆனால் ஒன்றும் ஓடிப்போகாது. மிருதுவாகக் கையாண்டால் அப்படியே நிற்கும். நூலை இழுத்து நான்கு வரிசை பிரியுங்கள். பிறகு மெல்லிய ஊசியை, நூல் தொங்கும் ஓரத்துக்கு எதிர்ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு வாருங்கள். அப்போதுதான் ஊசியின் முனை நூல் உள்ள பக்கம் வந்து சேரும். கண்ணிக்கு இரண்டு கால் உண்டு. ஊசியின் மேல் உட்கார்ந்திருக்கும்போது வலக்கால் ஊசிக்கு முன்புறம் இருக்க வேண்டும். பின்புறம் இருந்தால் கண்ணி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், எடுத்துத் திருப்பிப் போடுங்கள். 32 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, 5 மி.மீ. ஊசியால் அடுத்த வரிசையைப் பின்னுங்கள். இரண்டு மூன்று முறை செய்தபின், கடைசியாக எல்லாவற்றையும் சுருக்கு முடிச்சுவரை பிரித்து நூலை உருண்டையில் சுற்றிவிடுங்கள்.

இதற்கு வரும் முக்கியமான மறுப்பு நியாயமானது. புதிதாகக் கற்பவருக்குத் தேவை உற்சாகம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து போட்டதைக் கலைக்கச் சொன்னால் மனம் விட்டுப்போகும். தவறோடு தவறாக முடித்துக் கையில் ஒரு பொருளைக் காட்டுவதே மேல் என்பார்கள். உற்சாகம் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரிப்பதற்காகப் பின்னியது ஆயிரத்துச் சொச்சம் கண்ணி, முழு மஃப்ளரோ பதினாறாயிரத்தைத் தாண்டும். பழகிவிட்டால் பின்னால் வரும் பதினாறாயிரமும் பயமின்றி நகரும். பழகாவிட்டால் எந்த இடத்தில் தவறு வந்தாலும் வேலை அங்கேயே நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பின்னலைக் கடைசியாகப் பின்னிய பக்கத்திலிருந்துதான் சரசரவென்று பிரிக்க முடியும். தொடங்கிய பக்கத்திலிருந்து இழுத்தால் ஒவ்வொரு ஓரத்திலும் நூல் மாட்டிக்கொள்ளும். கை பழகாதபோது போட்ட முதல் 10 செ.மீ. கோணலாகத்தான் இருக்கும், அது மஃப்ளரின் தலைப்பிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். அதைப் போக்க வேண்டுமானால் ஆரம்பத்திலேயே பிரிப்பதுதான் வழி.

அதற்காக எல்லாத் தவறையும் பிரிக்கச் சொல்லவில்லை. கண்ணியின் எண்ணிக்கையையோ பிடிப்பையோ குலைக்கும் தவறென்றால் திரும்பிப் போக வேண்டும். ஒரு கண்ணி தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் இருப்பது போன்ற பார்வைக் குறைகளை விட்டுவிடுங்கள், துவைத்தபின் பாதி தெரியாது. எண்ணிக்கை தவறுவதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: மேடு முடியும்போதெல்லாம் எண்ணுவது. 33 என்று வந்தால் பெரும்பாலும் குற்றவாளி வரிசையின் முதல் கண்ணி. ஊசியைக் கைமாற்றியதும் நூல் ஊசிக்கு மேலேறிப் பின்னால் போயிருந்தால், முதல் கண்ணியின் இரண்டு காலும் இழுபட்டு இரண்டு கண்ணிகளாகத் தெரியும். தெரியாமல் இரண்டையும் பின்னிவிடுவோம். 32 இப்படியே 40 ஆகி, மஃப்ளர் தாவணித் தலைப்பு மாதிரி விரிந்துகொண்டே போகும். வரிசை தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடிவழியாகப் பின்னால் விடுங்கள், இந்தத் தொல்லை தீரும். நடுவில் ஓட்டை விழுந்து எண்ணிக்கையும் கூடியிருந்தால், ஊசியில் நூல் வீணாக ஒரு சுற்று விழுந்திருக்கிறது. 31 என்று வந்தால் ஒரு கண்ணி நழுவியிருக்கலாம். பதறி இழுக்காதீர்கள், இழுத்தால் அது ஏணிபோலக் கீழே இறங்கும். உடனே அதில் ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்திவிட்டு, அந்த வரிசைவரை பிரித்து வாருங்கள். நீண்ட வேலையில் இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால், 20 மேட்டுக்கு ஒருமுறை வேறு நிறத் தையல்நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள 32 கண்ணிக்குள்ளும் ஓட்டி விடுங்கள். எவ்வளவு பிரித்தாலும் அந்த நூலில் வந்து நின்றுவிடும்.

கார்ட்டர் பின்னல் மிகவும் சாதாரணமானது, கடைப்பொருள் போல வழவழவென்று வர வேண்டாமா என்று சிலருக்குத் தோன்றும். வழவழப்பு வேண்டுமானால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை அதற்கு நேர் எதிர்க் கண்ணியான ‘பர்ல்’ என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்; பனியனின் அமைப்பு அதுதான். பழைய பனியனைக் கத்தரியால் வெட்டி ஓரத்தை இழுத்துப் பாருங்கள், உடனே சுருண்டுகொள்ளும். அந்தப் பின்னலில் போடும் மஃப்ளரும் இரண்டு பக்கத்திலிருந்தும் குழாய்போலச் சுருளும், இஸ்திரி போட்டாலும் நிற்காது. கார்ட்டரில் முன்னும் பின்னும் இழுவை சமமாக இருப்பதால் தட்டையாகப் படியும். கழுத்தில் சுற்றும் துணிக்கு உள்பக்கமும் வெளியே தெரியும் என்பதால் இருபக்கமும் ஒன்றாக இருப்பது இன்னொரு லாபம். இதைக் கற்றுக்குட்டிப் பின்னல் என்று ஒதுக்குவதும் சரியில்லை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுச் சால்வைகளில் நடுப்பகுதி பெரும்பாலும் இதுதான். எலிசபெத் சிம்மர்மன் 1968-இல் வடிவமைத்து இன்றும் உலகெங்கும் பின்னப்படும் குழந்தைச் சட்டை முழுக்க முழுக்கக் கார்ட்டர்தான்.

அளந்து எழுதியதை இப்போது எடுங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 17 கண்ணி வந்திருந்தால் 32 கண்ணி ஏறத்தாழ 19 செ.மீ.; ஒரு பெரியவரின் மஃப்ளருக்குச் சரியான அகலம். கார்ட்டரில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு மேட்டின் உயரமும் ஏறக்குறைய சமம் என்பதால் 150 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 255 மேடு, அதாவது 510 வரிசை. நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டால் மொத்தம் 18 மணி நேரம். நாளுக்கு அரை மணி என்றால் ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட. நூல் 200 முதல் 250 கிராம் பிடிக்கும், ஒரே சமயத்தில் வாங்கிவிடுங்கள், சாயத் தொகுதி மாறினால் நிறம் லேசாக வேறுபடும். உருண்டை தீரும்போது நடுவில் முடிச்சுப் போடாமல், வரிசை தொடங்கும் ஓரத்தில் 15 செ.மீ. வால் விட்டுப் புது நூலால் பின்னத் தொடங்குங்கள்.

இந்த வெயில் ஊரில் மஃப்ளர் எதற்கு என்ற கேள்வியும், கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்ற கேள்வியும் ஒன்றாகவே வரும். மார்கழி அதிகாலையில் நடக்கப் போகும் பெரியவர்களின் காதைப் பார்த்தவர்களும், டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும் உதகையில் இருப்பவர்களும், டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் முதல் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். இரண்டாவது உண்மைதான், பல நேரம் நல்ல கம்பளி நூலின் விலைக்கே கடை மஃப்ளர் வந்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் இதைக் கற்க வேண்டும் என்றால் கற்க வேண்டாம். ஆனால் கடை மஃப்ளரில் ஓர் இழை அறுந்து ஓடினால் தூக்கிப் போடத்தான் தெரியும். இதைப் பின்னியவருக்கு அந்த இழை எங்கிருந்து வந்தது, எந்தக் கண்ணிக்குள் திரும்பப் போக வேண்டும் என்பது கண்ணாலேயே தெரியும். மஃப்ளர் வேண்டாமென்றால் அதே நூலைப் பிரித்துக் குல்லாய் போடலாம்.

முடிக்கும் முன், துணியின் அகலத்தைப்போல நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மேட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இடது ஊசியின் நுனியால் தூக்கி இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி மறுபடி தாண்டவிடுங்கள். தளர்வாகவே போடுங்கள், இறுக்கினால் அந்த முனை மட்டும் குறுகிவிடும். கடைசிக் கண்ணிக்குள் நூலை வெட்டி இழுத்துவிட்டால் இனித் தானாகப் பிரியாது. தொங்கும் வால்களை மழுங்கிய ஊசியில் கோத்து மேடுகளுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி வெட்டுங்கள். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்காமல் பழைய துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாக விரித்து, ஓரங்களைக் கையால் நேராக்கிக் காயவிடுங்கள். கம்பளியைச் சுடுநீரில் தேய்த்தால் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டு உயிர்ப்பை இழந்துவிடும். இந்த இரண்டையும் மட்டும் எந்தப் பிரிப்பாலும் சரிசெய்ய முடியாது.